நூலாசிரியனும் வாசகனும்

ஒரு செய்யுளைப் படித்து முடித்ததும் வகுப்பறையிலே வழக்கமாக எழும் வினா ஒன்றுண்டு. இச்செய்யுளின் மூலம் கவிஞர் உணர்த்தக் கருதியது யாது என்பதே அது. பரீட்சை வினாத்தாள்களிலும் இது தவறாது இடம்பெறும். இவ்வினாவினுள்ளே ஒரு நம்பிக்கை அடங்கியிருக்கின்றது. பொருள் முதலிலே கவிஞனுடைய உள்ளத்தில் இருந்தது. அவன் அதனைச் சொற்களிலே பொதிந்து வைத்தான். வாசகன் அப்பொதியை அவிழ்த்து, வைத்ததை வைத்தவாறே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்த நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டிலே மேலைநாட்டுத் திறனாய்வாளர் சிலர் இதனையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தினர். அவர்கள் எழுப்பிய விவாதத்தையும், அதனிடையே தோன்றிக் 'கட்டவிழ்ப்பு' எனத் தமிழிலே வழங்கும் வாசிப்பு முறையையும், இவற்றால் வாசகனுக்கு வந்து சேர்ந்த பொறுப்பையும் நோக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இவ்விவாதம் திடீரெனத் தோன்றியதன்று. இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையில் விரிவுரையாற்றிய ஐ. ஏ. றிச்சட்ஸ் என்பார் 1920களிலே ஒரு சோதனை நடத்தினார். ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவரிடம் கொடுத்து, மனத்திற் பட்டதை எழுதித் தருமாறு கேட்டார். கிடைத்த விடைகளை ஆராய்ந்து 1929ஆம் ஆண்டிலே 'செய்முறைத் திறனாய்வு' என்னும் பொருளுடைய தலைப்பிலே ஒரு நூலை வெளியிட்டார். விடைகள் பலருக்கு வியப்பளித்தன. நன்கு கற்ற மாணவரே பெருங்கவிஞரின் பாடல்களை இகழ்ந்திருந்தனர். தரங்குறைந்த பாடல்களைப் புகழ்ந்திருந்தனர். ஒரே பாடலுக்கு முரண்பட்ட பொருள்களைக் கூறியிருந்தனர். றிச்சட்ஸ் இதனைப் பயிற்சியின் குறைபாடு என்றே கொண்டார். முறையாகப் பயிற்றினால் இப்பிழைகள் நீங்கும் என்பது அவர் துணிபு.

அடுத்து, அமெரிக்காவிலே விம்சற், பியட்ஸ்லி என்னும் இருவர் 1946ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை எழுதினர். ஆசிரியன் என்ன கருதினான் என்பதைக் கொண்டு ஒரு கவிதையை மதிப்பிடுதல் தவறு என்பது அதன் சாரம். 1949ஆம் ஆண்டிலே அவர்கள் எழுதிய மற்றொரு கட்டுரை, வாசகனுடைய உள்ளத்திலே எழும் உணர்ச்சியைக் கொண்டு மதிப்பிடுதலும் தவறு என வாதித்தது. இவ்வாறு ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் ஒருங்கே கதவடைக்கப்பட்டது. எஞ்சியது நூல் ஒன்றே. அந்நூலைத் திறப்பவன் யார், அவன் அதனைத் திறக்கும்போது நிகழ்வது யாது என்னும் வினாக்கள் விடையின்றி நின்றன.

அவ்வினாக்களுக்கு விடை காணப் பலர் முயன்ற காலம் 1960களின் இறுதியாகும். பிரான்சு தேசத்து எழுத்தாளர் றோலான் பார்த் 'ஆசிரியனின் மரணம்' என்னும் கட்டுரையை எழுதினார். அது 1967ஆம் ஆண்டிலே முதலில் ஆங்கிலத்திலும், 1968ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது. தலைப்பைக் கண்டு, எழுத்தாளரைப் பகைத்துக் கூறியது எனச் சிலர் எண்ணினர். பார்த் கூற வந்தது வேறு. ஒருவன் எழுதும் சொற்கள் யாவும் அவனுக்கு முன்னரே பல வாய்களிலே வழங்கியவை. பழைய கதைகள், பழமொழிகள், சமூகத்தின் பொதுக்கருத்துக்கள் முதலிய பல இழைகள் ஒரு நூலிலே வந்து கலக்கின்றன. அவை ஒன்றுசேரும் இடம் வாசகனுடைய உள்ளமே. ஆசிரியனை ஏக அதிகாரியாகக் கொள்ளும் வழக்கம் ஒழிந்தாற்றான் வாசகனுக்குரிய இடம் கிட்டும் என்பது அவர் வாதம்.

வாசகனுக்கு விடுதலை என்றதும், மனம்போனவாறு படிக்கலாம் எனக் கருதுதல் கூடாது. பார்த் 1970ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலொன்றிலே, பால்சாக் எழுதிய 'சராசின்' என்னும் சிறுகதையை 561 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தார். ஆசிரியனுக்கு விடைகொடுத்தவரே நூலின் ஒவ்வொரு வரிக்கும் அத்தகைய உழைப்பை நல்கினார் என்பது கருதத்தக்கது.

வாசகனின் ஆற்றல் எத்துணை என்பதை விளக்க அமெரிக்கப் பேராசிரியர் ஸ்ரான்லி ஃபிஷ் கூறும் நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. 1971ஆம் ஆண்டின் கோடைகாலத்திலே அவர் நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரிலே, ஒரே அறையில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புக்களை நடத்தினார். முதல் வகுப்பு மொழியியலும் திறனாய்வும் பற்றியது. அடுத்தது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதைகள் பற்றியது. முதல் வகுப்பு மாணவர் படிக்கவேண்டிய நூல்களின் ஆசிரியர் பெயர்களை அவர் கரும்பலகையிலே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். ஜேக்கப்ஸ், றோசன்பாம், லெவின், தோண், ஹேய்ஸ், ஓமன் என்பன அப்பெயர்கள். இறுதிப் பெயரின் எழுத்துக்கூட்டலிலே ஐயமிருந்தமையால் அதனருகே ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார்.

இரண்டாம் வகுப்பு மாணவர் வருமுன் அப்பட்டியலைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, மேலே ஒரு பக்க எண்ணையும் எழுதினார். இஃது ஒரு சமயக் கவிதை. இதற்குப் பொருள் கூறுங்கள் என்றார். மாணவர் தயங்கவில்லை. ஜேக்கப்ஸ் என்பதிலே விவிலியத்து யாக்கோபு கனவிற் கண்ட ஏணியைக் கண்டனர். றோசன்பாம் என்னும் ஜேர்மன் சொல் ரோசாமரத்தைக் குறிப்பதாதலின் அதிலே கன்னி மரியாளைக் கண்டனர். தோண் என்பதிலே இயேசுவின் முள்முடியைக் கண்டனர். பட்டியலின் வடிவத்தைச் சிலுவை என்றும் பலிபீடம் என்றும் உரைத்தனர். வெறும் பெயர்ப்பட்டியல் சிறிது நேரத்திலே ஆழ்ந்த பக்திப்பாடலாயிற்று.

இதிலிருந்து ஃபிஷ் பெற்ற முடிபு யாதெனின், கவிதையைக் கண்டபின் கவிதைக்குரிய கண்ணால் நாம் நோக்குவதில்லை; கவிதைக்குரிய கண்ணால் நோக்குவதனாலேயே அது கவிதையாகின்றது என்பதாம். அங்ஙனமாயின் ஒவ்வொருவரும் வெவ்வேறு கவிதையைக் காணாமைக்குக் காரணம் யாது? அம்மாணவர் அனைவரும் ஒரே பயிற்சி பெற்றவர். எதனைத் தேடவேண்டும் என்பதை ஒரே வகுப்பிலே கற்றவர். வாசகன் தனித்து நின்று வாசிப்பதில்லை, ஒரு வாசகர் குழுவின் உறுப்பினனாகவே வாசிக்கின்றான் என்பது ஃபிஷ் அளித்த விடை. 1980ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய நூல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. எல்லாவற்றையும் வாசகர் குழுவே ஆக்குமாயின், நூலுக்கென ஒரு வலிமை இல்லையா? வாசகன் எதிர்பாராததை நூல் கூறுவதில்லையா? இவ்விடத்திலேதான் ஜாக் தெரிதா என்னும் தத்துவ அறிஞரின் கருத்து கவனத்திற்குரியதாகின்றது.

தெரிதா 1930ஆம் ஆண்டிலே, அப்போது பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சிலே அமைந்த விஷி அரசாங்கம் அல்ஜீரிய யூதரின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. 1942ஆம் ஆண்டிலே, பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்த தெரிதா யூதர் என்ற காரணத்தாற் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் அறிந்த தாய்மொழி பிரெஞ்சு ஒன்றே. அம்மொழிக்குரிய நாடோ அவரைத் தன்னவர் அல்லர் என்றது. சொல்லொன்று ஒரு மனிதனை உள்ளே வைக்கவும் வெளியே தள்ளவும் வல்லது என்பதை அவர் நூல்களிற் படிக்குமுன்னரே வாழ்விற் கண்டவர். 1966ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையிலே நடந்த மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரை அறிஞர் கவனத்தை ஈர்த்தது. மறு ஆண்டிலே, அதாவது 1967இலே, அவருடைய மூன்று நூல்கள் வெளிவந்தன.

தெரிதாவின் சிந்தனைக்கு ஓர் அடிப்படை, சுவிற்சர்லாந்து தேசத்து மொழியியலறிஞர் சொசூர் என்பாரின் கருத்தாகும். அவர் 1913இலே மறைந்தபின், அவருடைய விரிவுரைகள் மாணவர் குறிப்புக்களைக் கொண்டு தொகுக்கப்பெற்று 1916இலே நூலாயின. ஒரு சொல் தன்னளவிலே பொருள் தருவதன்று. பிற சொற்களினின்று வேறுபடுவதனாலேயே பொருள் தருகின்றது என்றார் அவர். 'மலை' என்னும் சொல், 'வலை' அன்று, 'கலை' அன்று, 'தலை' அன்று என்பதனாலேயே மலையாக நிற்கின்றது. தெரிதா இதனை மேலும் நீட்டினார். அகராதியிலே ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் வேறு சொற்கள் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பொருள் தேடினால் இன்னும் சில சொற்கள். முடிவான பொருள் எப்பொழுதும் ஓரடி தள்ளியே நிற்கின்றது. இவ்வாறு வேறுபடுதலையும் தள்ளிப்போதலையும் ஒருங்கே குறிக்க அவர் ஒரு சொல்லைப் படைத்தார். வேறுபாடு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலே ஓர் உயிரெழுத்தை மாற்றினார். வியப்பு யாதெனின், இரண்டு சொற்களுக்கும் உச்சரிப்பு ஒன்றே. தமிழர் பலர் பேசும்போது வாழை மரத்துக்கும் வாளை மீனுக்கும் ஒலி வேறுபாடு தோன்றாதிருப்பது போல்வது இது. கண்ணுக்குப் புலனாகும் வேறுபாடு காதுக்குப் புலனாகாது.

பேச்சே உண்மையானது, எழுத்து அதன் நிழலே என்னும் பழைய எண்ணத்தைச் சோதிக்கவே அவர் இவ்வாறு செய்தார். அவ்வெண்ணத்தை அவர் எவ்வாறு ஆராய்ந்தார் என்பதற்கு, பிளேற்றோவின் 'பைட்ரஸ்' என்னும் உரையாடலை அவர் படித்த முறை தக்க சான்றாகும். அந்நூலிலே சோக்கிரதர் ஓர் எகிப்தியக் கதை கூறுகின்றார். தெயுத் என்னும் தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து, நினைவுக்கும் அறிவுக்கும் இது நல்ல மருந்து என்று மன்னன் தாமுசிடம் கொண்டு வருகின்றது. மன்னன் அதனை ஏற்கவில்லை. எழுத்தை நம்புவோர் நினைவாற்றலை இழப்பர் என்கின்றான். இவ்விடத்திலே வரும் 'பார்மக்கோன்' என்னும் கிரேக்கச் சொல் மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும்.

தமிழ் நேயர்க்கு இது புதிதன்று. வைத்தியர் நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து; கமக்காரர் பயிரிலே பூச்சி கொல்ல அடிப்பதும் மருந்து; மருந்தைக் குடித்துவிட்டான் என ஊரார் பதைத்துக் கூறும்போது அச்சொல் நஞ்சையே குறிக்கும். கிரேக்கச் சொல்லை மொழிபெயர்த்தோர் ஓரிடத்திலே மருந்து என்றும் மற்றோரிடத்திலே நஞ்சு என்றும் தெளிவாகப் பிரித்தெழுதினர். இதனால் மூலத்திலே ஒரே சொல் இருவழியும் இழுத்து நின்றமை மொழிபெயர்ப்பிலே மறைந்தது என்பதை 1968இலே வெளிவந்த கட்டுரையிலே தெரிதா எடுத்துக்காட்டினார்.

அதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. எழுத்தைக் குறைகூறும் சோக்கிரதர், அதனினும் உயர்ந்த பேச்சு எத்தகையது எனக் கூறவரும்போது, கற்போனுடைய ஆன்மாவிலே எழுதப்பட்டது என்கின்றார். எழுத்தை விலக்கியவருக்கு உண்மைப் பேச்சை விளக்க எழுத்தையன்றி வேறு உவமை கிட்டவில்லை. அவர் தாம் ஒன்றும் எழுதாதவர். அவர் கருத்தை நாம் அறிவதும் பிளேற்றோ எழுதிவைத்தமையாலேயே. வானொலியிலே ஒலிக்கும் பேச்சும் பெரும்பாலும் முன்னரே எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பதுதானே! இவ்வாறு ஒரு நூல் வெளிப்படையாகக் கூறுவதற்கும், அதன் சொற்கள் தாமே செய்வதற்கும் இடையேயுள்ள பிளவைப் பொறுமையோடு காட்டுதலே கட்டவிழ்ப்பு எனப்படுவது. வெளியிலிருந்து ஒரு கருத்தைக் கொண்டுவந்து நூலின்மேற் சுமத்துவதன்று அது. நூலுக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் நெகிழ்ச்சியைக் கண்டறிவதாம்.

இம்முறையை அழிவு வேலை எனக் கருதுவோர் உளர். தெரிதா 1983ஆம் ஆண்டிலே ஜப்பானியப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே இச்சொல்லின் வரலாற்றைக் கூறுகின்றார். பிரெஞ்சு அகராதியிலே இச்சொல்லுக்கு உள்ள பொருள்களுள் ஒன்று, வாக்கியத்திலே சொற்களின் வைப்புமுறையைக் கலைத்தல். இன்னொன்று, ஓர் இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் பொருட்டுப் பகுதி பகுதியாகக் கழற்றுதல். இயந்திரத்தை உடைப்பவனுக்கும் கழற்றுபவனுக்கும் பேதமுண்டு. கழற்றுபவன் ஒவ்வோர் ஆணியும் எங்கிருந்தது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழிலே இதற்குக் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, நிர்நிர்மாணம் எனப் பல பெயர்கள் வழங்குவதும் இவ்வேறுபாட்டையே உணர்த்துகின்றது. உடைப்பு என்பதிலே வன்மை தொனிக்கின்றது; அவிழ்ப்பு என்பதிலே முடிச்சின் போக்கை அறிந்த விரல்களின் பொறுமை தொனிக்கின்றது. தமிழவன் 1982இலே எழுதிய 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்னும் நூல் தமிழ் வாசகரை இத்துறைக்கு அழைத்துச் சென்ற முன்னோடி நூல்களுள் ஒன்று. நமது உரைமரபோடு இதனை ஒப்பிட விரும்புவோரும் உளர். உரையாசிரியர் தம் பொருளைக் கூறியபின், இவ்வாறு உரைப்பாரும் உளர் எனப் பிறர் கருத்தையும் குறித்துச் செல்வதுண்டு. ஆயினும் அவர் தேடியது ஆசிரியன் கருதிய ஒரு பொருளையே. எனவே, இரண்டும் ஒன்றே என்பது பொருந்தாது. சொல்லின்மீது வைத்த கவனத்திலே அவை உறவுடையன என்பது பொருந்தும்.

எதிர்ப்பும் குறைவன்று. 1992ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை தெரிதாவுக்குக் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது கடுமையான மறுப்பு எழுந்தது. பல நாட்டுத் தத்துவ அறிஞர் பத்தொன்பதின்மர், அவருடைய எழுத்துக்குத் தெளிவும் செறிவும் இல்லை என்று லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். வாக்கெடுப்பிலே 336 பேர் ஆதரித்தும் 204 பேர் எதிர்த்தும் வாக்களித்தமையால் பட்டம் வழங்கப்பட்டது. தெரிதாவின் நடை கடினமானது என்பது மறுக்கவொண்ணாதது. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, எந்த நூலுக்கும் எப்பொருளும் கூறலாம் எனத் திரிந்தவர்களும் இருந்தனர்.

ஆனால் இக்கொள்கைக்கு வந்த பெருஞ்சோதனை வேறு. பெல்ஜியத்திலே பிறந்து, அமெரிக்காவிலே யேல் சர்வகலாசாலையிற் கற்பித்த போல் டி மான் என்பார் கட்டவிழ்ப்பு முறையின் முதன்மையான ஆசிரியருள் ஒருவர். தெரிதாவின் நெருங்கிய நண்பர். அவர் 1983இலே காலமானார். நான்கு ஆண்டுகளின் பின், 1987இலே, அவருடைய இளமைக்கால எழுத்துக்கள் வெளிப்பட்டன. ஜேர்மானியர் பெல்ஜியத்தைக் கைப்பற்றியிருந்த காலத்திலே, அவர்களின் கட்டுப்பாட்டிலிருந்த பத்திரிகையொன்றிலே அவர் ஏராளமான கட்டுரைகளை எழுதியிருந்தார். 1941ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வெளிவந்த ஒரு கட்டுரை, யூதரை ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பிவிட்டாலும் மேலைநாட்டு இலக்கியத்துக்கு நட்டம் ஏற்படாது என்னும் கருத்தைக் கூறியது. இதனை அவர் தம் வாழ்நாளிலே மாணவருக்கு வெளியிட்டதில்லை.

உலகம் இப்போது கேட்ட வினா நேரானது. ஆசிரியன் இறந்தான் என்றீர்களே. இக்கட்டுரைக்கும் ஆசிரியன் இல்லையா? சொற்களின் பொருள் நிலையற்றது என்றீர்களே. இச்சொற்களின் பொருளும் நிலையற்றதா? யூதர் என்பதற்காகப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட தெரிதாவே 1988இலே நண்பரின் கட்டுரையைப் பற்றி நீண்டதோர் ஆய்வு எழுதினார். அதன் தீமையை அவர் மறுக்கவில்லை. எனினும் அக்கட்டுரையினுள்ளும் இருபொருள்படும் இடங்களைத் தேடினார். நட்பின் பொருட்டு வாசிப்பை வளைத்தார் என்று பலர் அவரைக் கண்டித்தனர். அக்கண்டனத்தை எளிதிலே தள்ளிவிட இயலாது. நுண்ணிய வாசிப்பு, குற்றத்தைக் காண உதவுவதுபோல அதனை மறைக்கவும் பயன்படக்கூடும். எழுத்தைப் பற்றி மன்னன் தாமுஸ் அஞ்சியது வாசிப்புக்கும் பொருந்தும். அதுவும் மருந்தாகவும் நஞ்சாகவும் நிற்கவல்லது.

ஆகவே வாசகனுக்கு ஒரு வரம்பு வேண்டும். அவ்வரம்பை வெளியே தேடவேண்டியதில்லை. தெரிதாவே 1967ஆம் ஆண்டு நூலொன்றிலே அதனைக் கூறியிருக்கின்றார். ஆசிரியன் எக்காலத்தில், எம்மொழியில், எக்கருத்தோடு எழுதினான் என்பதை முறையாகக் கற்றுணரும் பழைய வாசிப்பு கைவிடத்தக்கதன்று. அக்காப்பு இல்லையேல் எவரும் எதனையும் கூறலாம் என்னும் நிலை வந்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. அவ்வளவிலே நின்றுவிடுதல் போதாது என்பதே அவர் மேலதிகமாகக் கூறியது. இத்தாலிய அறிஞர் உம்பர்ற்றோ எக்கோ 1990ஆம் ஆண்டையொட்டிய தம் எழுத்துக்களிலே இதனை வேறொரு வகையில் விளக்கினார். ஒரு நூலுக்கு மிகச் சிறந்த வாசிப்பு எது என முடிவாகக் கூற இயலாது போகலாம். ஆயினும் எது பொருந்தாத வாசிப்பு என்பதைக் கூற இயலும். ஏனெனின், வாசகன் கூறும் பொருளை நூலின் மற்றைப் பகுதிகள் தாங்குகின்றனவா என்பதைச் சோதிக்கலாம்.

பஃபலோ நகர மாணவரின் பக்திப்பாடலை இச்சோதனைக்கு உட்படுத்தினால் உண்மை விளங்கும். அவர்களின் திறமை பெரிது. ஆனால் அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று அவர்கள் கேட்டிருப்பின் அப்பாடல் நிலைத்திராது. கவிதை என்று ஆசிரியர் கூறியதை அவர்கள் கட்டவிழ்க்கவில்லை, நம்பிவிட்டனர். இன்று செய்தியும் விளம்பரமும் அறிக்கையும் நாடோறும் மனிதர் முன் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி யாரோ ஒரு கட்டம் வரைந்து, இஃது இன்னது என்று பெயரிட்டே தருகின்றனர். அக்கட்டத்தை வரைந்தவர் யார் எனக் கேட்டல் வாசகனின் முதற்கடமை. அச்சொற்கள் வெளியே கூறுவது யாது, உள்ளே செய்வது யாது என நோக்குதல் இரண்டாவது. தான் கண்ட பொருளை நூலின் சொற்களைக் கொண்டு பிறர் முன் நிறுவ ஆயத்தமாயிருத்தல் மூன்றாவது.

நூலாசிரியன் தான் எழுதியதற்கு விடைகூறக் கடமைப்பட்டவன் என்பதைப் போல் டி மானின் வரலாறு உணர்த்துகின்றது. வாசகன் தான் வாசித்ததற்கு விடைகூறக் கடமைப்பட்டவன் என்பதை இவ்விவாதம் முழுவதும் உணர்த்துகின்றது. பொருளை ஆக்குவதிலே பங்கு கேட்டவன், அதன் விளைவிலும் பங்கேற்றல் வேண்டும் அன்றோ!